அக்காவைச் சிரிக்கவைத்த மொரோக்கோக்காரர்

அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து, சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருப்பதால் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இது அக்காவின் கணவர், என் அத்தான், எழுதியிருக்க வேண்டிய கட்டுரை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் அவருக்குக் கண் நிறைந்துவிட்டதால் பேனை என்னிடம் வந்து சேர்ந்தது. "நீர் எழுதும். ஆனால் பகிடி விடாதையும்," என்று சொல்லித்தான் தந்தார். கேலி கிண்டல் இல்லாமல் எழுத முயற்சி செய்கிறேன். மெல்பனில் தமிழ் அச்செழுத்துக் கோக்க ஆளில்லாததால் மலர் யாழ்ப்பாணத்தில் அச்சாகிக் கப்பலில் வருகிறது. ஆகையால் எழுத்துப் பிழைகளுக்கு நான் பொறுப்பில்லை. மற்றப் பிழைகளுக்கு அத்தான் பொறுப்பில்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தார். எங்கள் ஐயா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா மூத்தவர், நான் இளையவன். நான் அரிவரி வகுப்பில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்போது அக்காவுக்கும் பள்ளிக்கூட வயதுதான். காலையில் குசினி, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி குசினி என்று அவர் வீட்டை ஏற்றுக்கொண்டார். சமைத்தபடியே படித்து, ஆசிரியர் கலாசாலைக்குப் போய், கணக்கு ஆசிரியையாக வெளியே வந்தார். அவரிடம் படித்தவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்கிறார்கள். மரியாதையும் இருக்கலாம், பயமும் இருக்கலாம்.

ஏனென்றால் அக்கா இலேசில் சிரிக்கிறவர் அல்ல. அம்மா போன பிறகு அந்த முகம் பூட்டிய கடை மாதிரி இருந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் ஐயா தும்மினார். எங்கள் ஐயாவின் தும்மலுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் உண்டு. அவர் கை கழுவ எழுந்து போனதும் நான் அதை அப்படியே செய்து காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, தாவணித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நிமிடமே என் உத்தியோகம் நிச்சயமாயிற்று. பிற்காலத்தில் நான் கிளாக்கராகவும், மெல்பனில் தபால் பிரிப்பவனாகவும் இருந்தது எல்லாம் வயிற்றுப் பிழைப்புக்கு. அக்காவைச் சிரிக்கவைப்பதுதான் என் நிரந்தர வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் போட்டியும் கிடையாது.

அக்காவை மணந்த அத்தான் பொறியியலாளர், உத்தமர், பகிடி என்றால் என்னவென்று தெரியாத மனிதர். அதனாலேயே எனக்கு அவரை முதல் நாளிலிருந்து மிகவும் பிடிக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் சில காலம் வாழ்ந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தான் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு, மெல்பனுக்கு, வந்தது. பின்னாலேயே நானும் மனைவியும் வந்து, புறநகரான கிளேய்ட்டனில் அவர்களுக்கு அடுத்த தெருவில் வீடு எடுத்தோம். அக்காவின் ஆசிரியர் சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். கணக்கு படிப்பித்த கை பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியது. அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. புதிதாக வந்திறங்கும் தமிழ் மாணவர்கள் யாராக இருந்தாலும், யாழ்ப்பாணமோ மதுரையோ பினாங்கோ, முதல் ஞாயிற்றுக்கிழமைச் சோறு அக்கா வீட்டில்தான். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மேசையில் இருந்தவர்கள்.

இனி, நான் எழுத விரும்பாத பகுதிக்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அத்தான் நூலகத்துப் பலகையில் ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தார். பக்கத்துப் புறநகரான ஸ்பிரிங்வேலில் ஒரு மொரோக்கோக் கைவினைஞரும் அவர் மனைவியும் தங்கள் நாட்டுக் கைவேலைகளைச் சனிக்கிழமைகளில் கற்றுக்கொடுக்கிறார்களாம். குடும்பமாகத்தான் வரவேண்டும், தனியாட்களுக்கு இடமில்லை. தனியாள் பிழைவிட்டால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், குடும்பம் பிழைவிட்டால் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு அங்கேயே நின்று திருத்தும் என்பது அந்த மனிதருடைய கொள்கை.

"போவமே?" என்று அக்கா கேட்டார். அவர் தனக்காக எதையும் கேட்டதில்லை. ஆகவே அக்கா, அத்தான், அவர்கள் மகளான என் மருமகள், நான், என் மனைவி என்று எல்லோரும் ஒரே காரில் நெருக்கிக்கொண்டு போனோம்.

அவர் பெயர் இத்ரிஸ். வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜ்தான் பட்டறை. பெரிய வண்டி வயிறு, கழுத்தில் டை, அதற்கு மேல் தோல் ஏப்ரன். தன் ஊரில் தன்னைப் போல ஓடு வெட்ட யாருமில்லை என்று கைகுலுக்கும்போதே தெரிவித்தார். தன் தகப்பனாரும் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் மனைவி தோலில் செருப்புத் தைக்கப் பழக்குவார். என் மனைவி அந்தப் பக்கம் போய்விட்டாள். மற்றவர்களுக்கு ஓட்டு வேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று நிறம் பூசிய தரையோடுகளை, கூர்மையான விளிம்புள்ள கனத்த சுத்தியலால் தட்டித் தட்டி நட்சத்திரம், வைரம், பட்டை என்று சிறு துண்டுகளாக வெட்டவேண்டும். பிறகு அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கித் தரையில் அடுக்கவேண்டும். விசேஷம் என்னவென்றால், நிறம் உள்ள பக்கம் கீழே இருக்கவேண்டும். மேலே தெரிவது எல்லாம் ஒரே மண் நிறம். எது நீலம், எது வெள்ளை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அடுக்கி முடித்ததும் மேலே சீமெந்துச் சாந்தை ஊற்றி, ஒரு கிழமை காயவிட்டு, பிறகுதான் புரட்டுவது. அதுவரை யாருக்கும் தான் செய்தது என்னவென்று தெரியாது.

அத்தான் வெட்டினார். ஒவ்வொரு துண்டையும் அடிமட்டத்தால் அளந்துவிட்டு வெட்டியதால், இத்ரிஸ் அடிமட்டத்தைப் பிடுங்கித் தன் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டார். மருமகள் ஓரங்களைத் தேய்த்தாள். அக்கா நிலத்தில் உட்கார்ந்து அடுக்கினார். கணக்குத் தலை அல்லவா, கோலமும் போடுகிறவர், கண்ணுக்குத் தெரியாத வடிவத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு அடுக்குவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு எதிரே உட்கார்ந்து, கேட்கிற நிறத்துத் தட்டிலிருந்து துண்டை எடுத்துக் கொடுப்பது என் வேலை. நீலம் என்றால் நீலம், வெள்ளை என்றால் வெள்ளை. சுத்தியலை என்னிடம் தரக்கூடாது என்று முதல் சனிக்கிழமையே முடிவாகிவிட்டது.

இத்ரிஸின் ஆங்கிலம் "அடி, அடியாதே, மெதுவாக" என்ற மூன்றோடு தீர்ந்துவிடும். பிறகு பிரெஞ்சு. அதற்கும் பிறகு அரபு. வேலை ஓட ஆரம்பித்ததும் அவர் கதை சொல்லத் தொடங்குவார். கதை பிரெஞ்சில் புறப்படும், இடையில் ஒரு கழுதை வரும். கழுதை என்று நமக்குத் தெரிவது அவர் கழுதையாகவே மாறிவிடுவதால். கிரேக்கக் குடும்பம் ஒன்றும் அந்தக் கராஜில் எங்களோடு வேலை பழகியது. அவர்கள் மரியாதைக்குப் புன்னகைத்தார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை.

அக்கா சிரித்தார்.

சும்மா சிரிப்பல்ல. தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க, சீலைத் தலைப்பு வாயில். ஐயாவின் தும்மலுக்குச் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு முன்னால். இன்னொருவருக்கு. எத்தனையோ காலமாக நான் ஏகபோகமாக நடத்திவந்த கடைக்கு எதிரே, டை கட்டிய ஒருவர் புதுக்கடை திறந்துவிட்டார்.

"அக்காவுக்குப் பிரெஞ்சு விளங்குதோ?" என்று காரில் திரும்பும்போது அத்தானிடம் கேட்டேன்.

"தெரியாது. ஆனால் சந்தோசமாய் இருக்கிறா," என்றார் அத்தான். அவர் அதோடு நிம்மதியாகிவிட்டார். பகிடி தெரியாதவர்களுக்குத்தான் நிம்மதி.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அதே கதைதான். இத்ரிஸ் வாய் திறப்பார், அக்கா குலுங்குவார். நானும் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் பாடப் புத்தகம் வாங்கி, குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தேன். என் மனைவி வெளியே நின்று, "இஞ்சாருங்கோ, உள்ளுக்கை ஆரோடை கதைக்கிறியள்?" என்று கேட்டாள். எங்கள் ஐயா சைக்கிளோடு கிணற்றுக்குள் விழப்பார்த்த கதையைப் பிரெஞ்சில் பெயர்த்து, கராஜின் நடுவே நின்று, கைகால் ஆட்டிச் சொன்னேன். ஐயா கிணற்று விளிம்பில் தள்ளாடுவதைக் காட்ட நெஞ்சில் கை வைத்துக் கொஞ்சம் தள்ளாடவும் செய்தேன். இத்ரிஸ் முகம் மாறிவிட்டது. ஓடிவந்து என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, டையால் விசிறி, மனைவியைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"என்னடா, நெஞ்சுக்கை நோகுதோ?" என்று அக்கா பதறினார். சிரிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் முதல் ஓட்டுப் பலகை வேலை நடந்தது. மேசை அளவு. நடுவில் எட்டு முனையுள்ள ஒரு நீல நட்சத்திரம், சுற்றிவர அதே அளவில் வெள்ளை நட்சத்திரங்கள் என்பது அக்காவின் கணக்கு. அன்று இத்ரிஸ் புதுக் கதை ஒன்று எடுத்திருந்தார். அதில் இரண்டு கழுதைகள். அக்கா, "நீலத்தைத் தாடா," என்று கையை நீட்டியபடியே குலுங்கத் தொடங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை சாந்து காய்ந்து, எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க, இத்ரிஸும் அத்தானும் பலகையைப் புரட்டினார்கள். சுற்றிவர வெள்ளை. நடுவிலும் வெள்ளை. நீல நட்சத்திரம் ஒன்று மூலையில் தனியாக, கலியாண வீட்டில் இடம் கிடைக்காதவன் மாதிரி நின்றது.

இத்ரிஸ் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் இரண்டு விரலால் தன் கண்ணையும் பிறகு என்னையும் காட்டினார். எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்க எந்த மொழியும் தேவையில்லை.

"மாமா வாஸ் ஜெலஸ்," என்றாள் மருமகள்.

"சும்மா இரு பிள்ளை," என்றார் அக்கா. பிறகு பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூலைக்கை மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிறது ஆர் எண்டு எனக்குத் தெரியுது," என்றார். அத்தானுக்கும் விளங்கி, அவரே சிரித்ததுதான் எனக்குப் பெரிய அடி.

அதற்கடுத்த ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் நோய் கண்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள், கொஞ்சக் காலம் வீட்டில் இருந்தார், மறுபடி ஆஸ்பத்திரி. வேதனையை அவர் காட்டிக்கொள்ளவில்லை. தாதிமாருக்கு அவர் தொல்லை தராத நோயாளி. ஆனால் முகம் மறுபடி பூட்டிவிட்டது. அம்மா போன பிறகு இருந்த அதே பூட்டு. என்னிடம் இருந்த முழுச் சரக்கையும் கட்டிலடியில் இறக்கினேன். ஐயாவின் தும்மல், தலைமை ஆசிரியரின் நடை, அத்தான் ரவுண்டபவுட்டில் கார் ஓட்டும் விதம், எல்லாம். பக்கத்துக் கட்டில் அம்மாள் கைதட்டினார். அக்கா, "களைச்சுப்போனாய், இரடா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்காமலே போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு அன்றுதான் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது என்பதையே மறந்து டண்டினோங் வரை போய்விட்டேன்.

மறுநாள் அத்தான் என்னை வெளிவாசலுக்குக் கூப்பிட்டார். "நீர் கோவிக்காதையும். அந்த மொரோக்கோ மனுசனை ஒருக்கா கூட்டிக்கொண்டு வாருமன்."

"அவருக்கு வேலை இருக்கும்."

"கேட்டுப் பாரும்."

"கராஜை விட்டிட்டு வரமாட்டார்."

"நான் ஏற்கெனவே போனிலை கேட்டிட்டன். வாறன் எண்டு சொன்னவர். நீர் என்ர காரிலை போய்க் கூட்டிவந்தால் போதும்."

போனேன். இத்ரிஸ் புதுச் சூட், கையில் ஒரு கட்டுப் புதினா இலையோடு வாசலிலேயே நின்றார். கார் முழுக்கப் புதினா மணம். வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை ஆட்டி, கதையை ஒத்திகை பார்த்தார். அவர் கதை எடுபடவேண்டும் என்று ஒரு சிக்னல் விளக்கிலும், எடுபடக்கூடாது என்று அடுத்த விளக்கிலும் நான் வேண்டிக்கொண்டேன். பிள்ளையாருக்கே குழம்பியிருக்கும்.

அக்கா அவரைக் கண்டதும் தலையணையை உயர்த்தச் சொன்னார். இத்ரிஸ் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்தார். எனக்குக் கதிரை இல்லை. அவருக்குப் பின்னால் கதவடியில் நின்றேன். கதை புறப்பட்டது. கழுதை வருவதற்கு முன்பே அக்காவின் தோள் அசையத் தொடங்கிற்று. பிறகு குலுங்கியது. கட்டில் கம்பி ஆடியது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இத்ரிஸ் சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கியதும் நான் கட்டிலருகே போனேன். இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, அந்தாள் என்னதான் சொல்லுறார்?"

"ஆருக்கடா தெரியும்?"

"அப்ப ஏன் சிரிக்கிறியள்?"

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கிறேல்லை. அந்த மனுசன் வாயைத் திறந்தவுடனை உன்ர முகம் போற போக்கு இருக்கே..." அவருக்கு மூச்சு வாங்கியது. "வேப்பெண்ணெய் பருக்கின பூனை மாதிரி. முதல் நாள் கராஜிலையே கண்டிட்டன். பிறகு எப்பிடியடா சிரிக்காமல் இருக்கிறது?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு வா," என்றார் அக்கா. "நீ கதவடியிலேயே நில். இஞ்சை வந்து மறையாதை."

அன்று இரவு வீட்டுக்குப் போய் நான் பாட்டுப் பாடினேன் என்று மனைவி சொல்கிறாள். போட்டியே இருக்கவில்லை. கடை முழுக்க என்னுடையதுதான். இத்ரிஸ் வெறும் முகவர்.

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். கதவடியில் நின்றேன். இத்ரிஸ் மூன்று கழுதைகளைக் கொண்டுவந்தார். அக்கா என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இத்ரிஸ் வெளியே போனதும், "இண்டைக்குச் சரிவரேல்லை," என்றார். "மாப்பிள்ளை மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய்."

உண்மை. எனக்குப் பொறாமை போய்விட்டது. மகிழ்ச்சியில் முகம் கோணவே மறுத்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். வேப்பெண்ணெயே குடித்துப் பார்க்கலாம் என்றால் மெல்பனில் எங்கே போவது? "உங்களுக்கு உது தன்பாட்டிலை வாறதுதானே," என்று மனைவி ஆறுதல் சொன்னாள். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அக்கா வரவர இளைத்துப் போனார். மருத்துவர் அத்தானைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கதவடியில் நின்று, உலகத்தில் உள்ள பொறாமையை எல்லாம் ஒன்றுகூட்ட முயன்றேன். பல்லுவலிக்காரன் மாதிரி இருக்கிறது என்றார் அக்கா, கையால் சைகை காட்டி. பேச்சுக் குறைந்துவிட்டது.

கடைசியாக இத்ரிஸ் வந்த அன்று அவர் கதை எடுக்கவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்து உட்கார்ந்தார். அக்காவின் இரண்டு கைகளையும் தன் பெரிய கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். அதுவரை "மதாம்" என்று மட்டுமே அழைத்து வந்தவர், மெதுவாக, எழுத்துப் பிசகாமல், தமிழில் சொன்னார்:

"என்ர அக்கா."

அத்தானிடம் கேட்டுப் பழகி வைத்திருந்தாராம். என்ர என்பதையும் சேர்த்து.

உலகத்தில் அந்தச் சொல்லுக்கு உரிமைக்காரன் நான் ஒருவன்தான். ஐயாவும் அம்மாவும் எனக்கென்று விட்டுப்போன ஒரே சொத்து. அதை ஒருவர் சூட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்து, என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறார். என் காது சூடாகியது. வேப்பெண்ணெய் பருக்கிய அந்த முகம் வந்துவிட்டது. நான் வரவழைக்கவில்லை.

அக்கா இத்ரிஸின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சீலைத் தலைப்பு இல்லாததால் போர்வை நுனியை வாய்க்குக் கொண்டுபோனார். கண்ணீர் வழியும்வரை சிரித்தார். இத்ரிஸ் தான்தான் சிரிக்கவைத்தேன் என்று பெருமையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் திருத்தவில்லை.

அக்கா அந்த வாரமே, அத்தானும் மகளும் அருகிருக்க, அமைதியாகக் கண் மூடினார்.

அந்நாட்களில் எம்மோடு நின்ற எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியும் ரசமும் மாறிமாறிக் கொண்டுவந்த கிளேய்ட்டன் சகோதரிகளுக்கு. ஐயர் இல்லாத ஊரில் புத்தகத்தைப் பார்த்துக் கிரியைகளை முறையாக நடத்தித் தந்த மலேசிய நண்பருக்கு. பதிகம் பாடிய மாணவர்களுக்கு. லீவு எடுத்து வந்து வரிசையில் நின்ற பிஸ்கற் தொழிற்சாலைப் பெண்களுக்கு. மலரை அச்சிட்டு அனுப்பும் யாழ்ப்பாண உறவினருக்கு. ஈமக்கிரியையில் சுண்ணம் இடிக்க உரல் இல்லாமல் நாங்கள் தடுமாறி நின்றபோது, கேட்காமலே தன் வீட்டுப் பித்தளை உரலைத் தோளில் சுமந்து வந்தவர் இத்ரிஸ். வந்தவர்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்று உரலைப் பற்றி விசாரித்தார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. அவருக்கும் அவர் மனைவிக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

இன்று திவசத்துக்கும் அவர் வந்திருப்பார். முன்வரிசையில், டை கட்டிக்கொண்டு. நீங்கள் யார் என்று யாராவது கேட்டால், "அக்காவின்ர தம்பி" என்று சொல்லுவார். அதையும் அத்தான் பழக்கிவிட்டார். அப்போது என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. நீங்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போங்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்தான் இப்போது இல்லை.